சேதுச் சீமையின் பழைய பள்ளிகள்: அரசா, தனியாரா, இரண்டுமா?

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி பக்கங்களில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை நேரத்தில் பெற்றோர்களைக் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு. தாத்தா படித்த, அப்பா படித்த பழைய பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. பாடப்புத்தகம் இலவசம். ஆனால் பள்ளியின் பெயரில் 'அரசு' என்ற சொல் இல்லை. தாளாளர் என்று ஒருவர் இருக்கிறார், கட்டடம் ஒரு திருச்சபைக்கோ அறக்கட்டளைக்கோ ஜமாத்துக்கோ சொந்தம். அப்படியானால் இது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

பதில் தெரியாமல் இருந்தால் இழப்பு உண்டு. மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய், ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று அண்மை ஆண்டுகளில் பேசப்பட்ட பல செய்திகள் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டுகின்றன. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

மூன்று வகைப் பள்ளிகள்

தமிழ்நாட்டில் பள்ளிகளை நிர்வாகத்தின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. அரசுப் பள்ளி. கட்டடம், ஆசிரியர் நியமனம், சம்பளம் எல்லாம் அரசுடையது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவையும் இதற்குள் வரும்.

2. அரசு உதவி பெறும் பள்ளி. இடமும் கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை. அரசு அனுமதித்த பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. பாடத்திட்டம், தேர்வு, ஆய்வு எல்லாம் அரசு விதிப்படி.

3. சுயநிதிப் பள்ளி. பெற்றோர் கட்டும் கட்டணத்தில் நடப்பது. மெட்ரிகுலேஷன், சிபிஎஸ்இ பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த வகை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வளாகத்துக்குள் இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் சேர்ந்தே இருக்கலாம். தமிழ் வழிப் பிரிவுக்கு அரசு உதவி இருக்கும். பிற்பாடு தொடங்கிய ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடக்கும். பெயர்ப் பலகை ஒன்று, சீருடை ஒன்று, ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த இரண்டு பிரிவுகளும் வேறு வேறு. பெற்றோருக்கு இது பெரும்பாலும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் தெரிய வருகிறது.

1785: மூன்று கைகள் சேர்ந்து வைத்த தொடக்கம்

உதவி பெறும் பள்ளி என்ற கலப்பு வடிவம் பிற்காலத்தில் ஏதோ நிர்வாக வசதிக்காக ஒட்டுப்போட்டு உருவாக்கியது என்று நினைக்கத் தோன்றும். சேதுபதிகள் ஆண்ட ராமநாதபுரம் பகுதியான சேதுச் சீமையின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இங்கே ஆங்கிலப் பள்ளி தொடங்கியதே அந்த வடிவத்தில்தான்.

கிறிஸ்டியான் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பணி செய்து, 1798-ல் தஞ்சாவூரிலேயே மறைந்தார். ஹைதர் அலியிடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தவரும் தஞ்சை இரண்டாம் சரபோஜியின் பாதுகாவலராக இருந்தவரும் இவரே. 1780-களில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடென்டாக, அதாவது அரசவைப் பிரதிநிதியாக, இருந்த ஜான் சல்லிவன், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளை அமைக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார். கம்பெனிக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே பேச்சுவார்த்தையும் கணக்கு வழக்கும் எளிதாக வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அந்தத் திட்டத்தை ஸ்வார்ட்ஸ் கையில் எடுத்துக்கொண்டார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று இடங்களிலும் பள்ளிகள் அமைந்தன. ராமநாதபுரத்துப் பள்ளி 1785-ல் தொடங்கியது. சமஸ்தானங்கள் ஆதரவு கொடுத்தன. லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் சபை 1787-ல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் (அக்காலப் பொன் நாணயம்) மானியம் ஒதுக்கியது.

இதில் யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் இன்றைய ஏற்பாடு அப்படியே தெரியும். உள்ளூர் ஆதரவு சமஸ்தானத்துடையது, நடத்துபவர் ஒரு மிஷனரி, ஆண்டு மானியம் ஆட்சியாளர் கையிலிருந்து. இடம் ஒருவருடையது, நிர்வாகம் இன்னொருவருடையது, பணத்தில் ஒரு பகுதி அரசுடையது. இன்றைய உதவி பெறும் பள்ளியின் இலக்கணமும் இதுதான்.

அப்போது ராமநாதபுரத்தை ஆண்டவர் முத்துராமலிங்க சேதுபதி. பள்ளி தொடங்கிப் பத்தே ஆண்டுகளில், 1795-ல், அதே கம்பெனி அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. 1803-ல் சேதுச் சீமை ஜமீனாக மாற்றப்பட்டது. மானியம் கொடுத்த கையும் அரசைப் பறித்த கையும் ஒன்று. காலனி ஆட்சியில் கல்வி எதற்காக வந்தது என்று கேட்பவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அதே சமயம், பள்ளி என்ற அமைப்பு அதை ஏற்படுத்தியவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. ராமநாதபுரம் நகரத்தில் ஸ்வார்ட்ஸ் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்க மிஷன் பள்ளிகள் அதன் கீழ் வந்தன.

1854-க்குப் பிறகு: மானியம் ஒரு விதியாகிறது

ஸ்வார்ட்ஸ் காலத்து மானியம் தனித்தனி ஏற்பாடு. அதைப் பொது விதியாக்கியது 1854-ல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை. எல்லா ஊரிலும் அரசே பள்ளி நடத்தக் காசில்லை, ஆகவே நடத்த முன்வருபவர்களுக்கு அரசு மானியம் கொடுக்கட்டும், பதிலுக்கு ஆய்வுக்கு உட்படட்டும் என்பது அதன் சாரம். அன்று முதல் 'மானியம் வேண்டுமானால் ஆய்வாளர் உள்ளே வருவார்' என்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவு மிஷன் பள்ளிகளோடு நிற்கவில்லை. அரண்மனை, கடலோர ஊர்களின் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள், கத்தோலிக்கப் பங்குகள் (தேவாலய வட்டாரச் சபைகள்), உள்நாட்டு ஊர்களில் நாடார் உறவின்முறைகள் என்று பலரும் பள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு சமூகமும் முதலில் தன் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது. மானிய விதி அந்தக் கதவை மற்றவர்களுக்கும் திறந்து வைத்தது. இதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். கடற்கரையில் மீனவர் பிள்ளையும் மரைக்காயர் பிள்ளையும் பனையேறியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இடங்களில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

'மேல்நிலைப் பள்ளி' என்ற பெயர் எல்லாப் பழைய பள்ளிக்கும் 1978-க்குப் பிறகு வந்தது. அதுவரை பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும். அந்த ஆண்டில் பிளஸ் டூ வந்தபோது உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலையாக உயர்ந்தன. பழைய சான்றிதழ்களில் பள்ளியின் பெயர் வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தீவும் நிலமும்: தினமும் வந்து போவதன் விலை

இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பள்ளிகள். சமவெளி ஊர்களில் இது சாதாரணம். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இரு பக்கமும் சூழ்ந்த, சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை கொண்ட மாவட்டத்தில் அது சாதாரணமாக இருக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் அளவு. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை தீவிலிருந்து நிலத்துக்கு வரப் படகுதான். பாலம் வந்த பிறகும் ரயில் மட்டுமே போக முடியும். சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல்தான் திறக்கப்பட்டது. அதாவது முக்கால் நூற்றாண்டு காலம் தீவின் பிள்ளைகளுக்கு நகரத்து உயர்நிலைப் பள்ளி என்பது ரயில் அட்டவணையைப் பொறுத்த விஷயம்.

ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் பள்ளி வாழ்க்கையை எல்லோரும் அறிவார்கள், ஆனால் இந்தக் கோணத்தில் அதைப் பார்ப்பதில்லை. 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், தொடக்கக் கல்வியைத் தீவிலேயே ஊராட்சிப் பள்ளியில் முடித்தார். அதற்கு மேல் படிக்க ராமநாதபுரத்தின் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்தபோது வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்க வேண்டியிருந்தது. அங்கே தனக்கு வழிகாட்டியவராக அய்யாதுரை சாலமோன் என்ற ஆசிரியரைக் கலாம் பல இடங்களில் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். தினசரிப் பள்ளி ஒன்று தீவுப் பிள்ளைக்கு விடுதிப் பள்ளியாக மாற வேண்டியிருந்தது என்பதை இந்தக் கதையில் கவனிக்க வேண்டும். வீட்டை விட்டு அனுப்ப மனமும் வசதியும் இருந்தவர்களின் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் தூரம்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊரோடு அங்கிருந்த பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் போயின. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள் என்பது பொறியியல் பெருமையாகச் சொல்லப்படுகிறது. தீவுக்கு அது கல்வியின் வழியும்கூட. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை தீவு மறுபடி ஒரே வழியை நம்பியிருந்தது. இந்த முறை அது சாலை.

சாலைப் பாலம் வந்த பிறகு, இலவசப் பேருந்துப் பயண அட்டையும் பதினோராம் வகுப்பில் கிடைக்கும் மிதிவண்டியும் சேர்ந்து தூரத்தைக் குறைத்தன. இவை இரண்டும் அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் பொது. அப்புறம் மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் வேன்கள் கிராமத்துக்குள்ளேயே வரத் தொடங்கின. பாலம் பழைய பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டு வந்தது போலவே அவர்களை வேறு பள்ளிகளுக்கும் கொண்டு போனது.

பணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது

உதவி பெறும் பள்ளியின் இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. சம்பளம் பணியிடத்துக்கு, பள்ளிக்கு அல்ல. இத்தனை ஆசிரியர் பணியிடம் என்று அரசு அனுமதிக்கிறது. நிர்வாகம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. கல்வி அலுவலர் நியமன ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சம்பளம் வரும். ஒப்புதல் தாமதமானால் அந்த ஆசிரியர் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில், சம்பளமில்லாமல் வேலை பார்ப்பார். வகுப்பில் அவர் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

2. 1991-92 என்ற கோடு. தனியார் பள்ளிகளை முறைப்படுத்தத் தமிழ்நாடு 1973-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் பிற்பாடு சேர்த்த ஒரு பிரிவின்படி, 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிக்கும் பழைய பள்ளியில் புதிதாகத் தொடங்கிய வகுப்புக்கும் மானியம் கிடையாது. ஆகவே உதவி பெறும் பள்ளி என்ற இனம் அன்றோடு பெரும்பாலும் பெருகுவதை நிறுத்திக்கொண்டது. இருப்பவை இருக்கும், மூடினால் அந்த இடத்தில் இன்னொன்று வராது.

3. மானியம் உரிமையா? அடிப்படை உரிமை இல்லை, அது அரசின் கொள்கை முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளியாக இருந்தாலும் இதே நிலைதான். ஆனால் கொடுக்கும்போது சிறுபான்மை என்பதற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 30(2) பிரிவு காக்கிறது.

4. ஆகஸ்ட் 1 கணக்கு. இதுதான் கடற்கரைப் பள்ளிகளை மிகவும் வாட்டுவது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளின் மாணவர் எண்ணிக்கையை வைத்து எத்தனை ஆசிரியர் தேவை என்று நிர்ணயிக்கிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்.

நான்காவதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஓர் ஊரின் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 62 பிள்ளைகள். மூன்று ஆசிரியர்கள். ஒரு மீனவக் குடும்பம் வேறு துறைமுக ஊருக்குப் பிழைக்கப் போகிறது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எண்ணிக்கை 60. இப்போது இரண்டு ஆசிரியர்தான் அனுமதி, மூன்றாமவர் 'உபரி'. இரண்டு பேர் ஐந்து வகுப்பை நடத்துவதைப் பார்த்த மற்ற பெற்றோர் அடுத்த ஜூனில் வேன் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை மேலும் குறைகிறது. கணித விதியாக நியாயமாகத் தோன்றும் ஒன்று, குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் கடற்கரையில் பள்ளியைப் படிப்படியாகக் கரைக்கும் விதியாகிவிடுகிறது. பனங்காட்டுக்குப் பருவம் பார்த்துப் போகும் குடும்பங்கள், கரிமூட்டத் தொழிலுக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வருடத்தில் ஒரே ஒரு நாள் கணக்கை வைத்து இவர்களை எண்ணுவது சரியான அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

தகுதித் தேர்வுத் தீர்ப்பும் சிறுபான்மைப் பள்ளிகளும்

2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பல ஆசிரியர் வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்தது. சுருக்கமாக அதன் உள்ளடக்கம்:

1. ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கும் ஆசிரியருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம். கட்டாயக் கல்விச் சட்டம் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.
2. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும்.
3. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி வேண்டும்.
4. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது.

நான்காவது ஏன்? 2014-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கட்டாயக் கல்விச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்திருந்தது. 2025-ல் விசாரித்தது இரண்டு நீதிபதிகள் அமர்வு. முந்தைய தீர்ப்பு சரியா என்ற சந்தேகத்தை அவர்கள் எழுப்பலாம், மாற்ற முடியாது.

ராமநாதபுரம் கடற்கரையின் பழைய உதவி பெறும் பள்ளிகளில் பல கிறிஸ்தவ, முஸ்லிம் நிர்வாகங்களின் கீழ் இருப்பவை. அதனால் ஒரே தெருவில் உள்ள இரண்டு உதவி பெறும் பள்ளிகளில், ஒன்றின் ஆசிரியருக்குக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்க, மற்றதன் ஆசிரியர் பெரிய அமர்வை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் சம்பளம் ஒரே கருவூலத்திலிருந்து வருகிறது. பாடம் நன்றாக நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் பொது. ஆனால் இருபது ஆண்டு கற்பித்த ஒருவரைத் தேர்வு ஒன்றால் மட்டும் எடைபோடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பிள்ளைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இதுவரை சொன்னது பள்ளியின் பார்வையில். மாணவரின் பார்வையில் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது: அரசுப் பள்ளிக்கு வரும் திட்டம், உதவி பெறும் பள்ளிக்குத் தாமதமாக வருகிறது, அல்லது வருவதே இல்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல் வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடியலுக்கு முன்பே கடலுக்குப் போகும் அப்பாவும், ஏலக் கூடத்துக்குப் போகும் அம்மாவும் உள்ள வீட்டில் காலைச் சாப்பாடு என்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளியின் பெயர்ப் பலகை வேறாக இருந்ததற்காக அந்தப் பிள்ளைகள் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022-ல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மட்டும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2024-25-ல்தான் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே தமிழ் வழி உதவி பெறும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது, நல்ல திருத்தம். இரண்டிலும் 'தமிழ் வழி' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரே வளாகத்தில் ஆங்கில வழிப் பிரிவில் படித்தவருக்கு இது கிடையாது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு கதை. 2020-ல் மருத்துவப் படிப்புக்குச் சட்டம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதைச் செல்லும் என்றது. 2021-ல் இன்னொரு சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உதவி பெறும் பள்ளி மாணவர்கள் சேரவில்லை. தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு மீன்வளப் படிப்பில் இந்த ஒதுக்கீடு இல்லை, காரணம் அவன் ஊரில் இருந்த பள்ளி ஒரு கத்தோலிக்கப் பங்கு நடத்தும் பள்ளி.

இதைவிட உறுத்துவது வேறு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் சுயநிதிப் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவர் இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுகிறார். அதில் தவறில்லை, ஏழைப் பிள்ளை என்பதால்தான் அந்த இடமே கிடைத்தது. ஆனால் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்து, அதே போல ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர் தகுதி பெறுவதில்லை. கடலோரக் கிராமங்களில் நடுநிலைப் பள்ளி என்று ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் உதவி பெறும் பள்ளியாக இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இருக்கவில்லை. வறுமைதான் அளவுகோல் என்றால் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் தீரும்.

ஜூன் மாதத்தின் நெருக்கடி

தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். அதாவது நோட்டு, பை, செருப்பு, சீருடைத் தையல் கூலி எல்லாம் வந்து நிற்கும் வாரத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் இரண்டு மாதமாகக் கடல் வருமானம் இல்லை. தடைக்கால நிவாரணத் தொகையை 5000-லிருந்து 8000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். உதவிதான், ஆனால் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கே அது போய்விடும்.

சுயநிதிப் பள்ளியில் முதல் தவணைக் கட்டணமும் இதே வாரத்தில். அதனால்தான் தடைக்காலத்தில் கடன் வாங்குவதும், இல்லையென்றால் பிள்ளையைப் பழைய பள்ளிக்கே திருப்புவதும் இங்கே நடக்கின்றன. அப்பாவின் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் இந்த நெருக்கடி எந்த மாதத்திலும் வரும். கட்டணம் இல்லாத, ஊருக்குள் இருக்கிற, குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரிந்த பள்ளி அந்த நேரத்தில் பிள்ளையைப் படிப்பில் பிடித்து வைக்கிறது. ஆகஸ்ட் 1 எண்ணிக்கையில் இந்தப் பணி எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியவை

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்? பள்ளி அலுவலகத்தில் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்.

1. என் பிள்ளை சேரும் பிரிவு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? பள்ளி முழுமைக்குமான பதிலை ஏற்காதீர்கள். வகுப்பையும் பிரிவையும் சொல்லிக் கேளுங்கள்.

2. தமிழ் வழியா, ஆங்கில வழியா? மாதம் 1000 ரூபாய்த் திட்டங்களுக்கு மட்டுமல்ல, அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கும் இது முக்கியம். 2020-ல் திருத்திய சட்டப்படி பள்ளிக் கல்வியும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். இந்த முன்னுரிமைக்குப் பள்ளி அரசா தனியாரா என்ற பேதமில்லை.

3. உதவி பெறும் பிரிவில் கட்டணம் என்று ஏதாவது கேட்டால் எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, இப்போது நிரம்பியிருப்பது எத்தனை? காலியிடம் இருந்தால் யார் பாடம் எடுக்கிறார்?

5. உங்கள் ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறதா? மருத்துவமோ மீன்வளமோ கனவில் இருந்தால், ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். சட்டம் இப்போது இருக்கும் நிலையில் முடிவை ஆறாம் வகுப்பிலேயே எடுத்தாக வேண்டும்.